சிவனொளிபாதமலையில் சூரிய உதயம்: திருகோணமலையிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு, கண்டிக்காரருக்காக எழுதப்பட்ட குறிப்புகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. நாம் கடல் மட்டத்திலிருந்து 2,243 மீற்றர் உயரத்துக்குப் போகிறோம். அதுவும் எட்டு ஒன்பது மணி நேரம் வான் வண்டிக்குள் மடங்கிக் கிடந்த காலோடு. கீழே உள்ள பதில்கள் அதை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

எந்த மாதத்தில் போவது நல்லது?

பருவகாலம் மார்கழிப் பூரணையில், அதாவது உந்துவப் போயாவில், தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். இந்தக் காலத்தில்தான் பாதை முழுக்க மின்விளக்கு எரியும், தேத்தண்ணிக்கடை திறந்திருக்கும், இரவிலும் ஆள் நடமாட்டம் இருக்கும். இதற்குள்ளும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரை வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். டிசம்பரில் வாடைக்காற்று மழை அங்கேயும் எட்டிப் பார்க்கும். நமது பக்கம் வெள்ளம் ஏறினால் கந்தளாய் வீதியே சந்தேகம்தான். ஏப்ரலில் பின்னேரம் இடியும் மழையும் வரும், ஆனால் விடியற்புறம் பலநாள் தெளிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஓகஸ்ட்டில்தான் விடுமுறை. அப்போது போகலாமா?

வேண்டாம். நமக்குக் கச்சான் வீசி, நிலாவெளிக் கடல் கண்ணாடி போல் கிடக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில், அதே தென்மேல் காற்றுதான் அந்த மலையில் முட்டி மழையாகக் கொட்டுகிறது. இங்கே வெயில் என்றால் அங்கே மழை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். விளக்கு இல்லை, கடை இல்லை, படியில் பாசி, உச்சியில் நிற்கவிடாத காற்று. விழுந்து காலை முறித்தால் தூக்கிவர அக்கம்பக்கத்தில் ஆளும் இருக்காது.

எந்தப் பாதையில் ஏறுவது?

முதல்முறை என்றால் ஹட்டன் பக்கம், நல்லதண்ணியிலிருந்து. நல்லதண்ணியே ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் நாம் காலால் ஏறுவது 1,000 மீற்றர் அளவுதான். இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலவிலிருந்து ஏறினால் அது கிட்டத்தட்ட 1,850 மீற்றர், அதாவது இரண்டு மலைக்குச் சமம். குருவிட்ட, எரத்ன வழியாக வரும் பாதை இன்னும் நீளம், காடும் அட்டையும் கூட. நேர்த்திக்கடனுக்காக அந்தப் பாதைகளில் ஏறுவோர் உண்டு. ஆனால் இரவு முழுதும் வாகனத்தில் வந்து இறங்கி அந்தப் பாதையைத் தொடக்கூடாது.

திருகோணமலையிலிருந்து எப்படிப் போவது?

வான் பிடித்தால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டி. அங்கிருந்து பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டன். பிறகு டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணி. கண்டி வரை நாலரை ஐந்து மணி நேரம், கண்டியிலிருந்து ஹட்டன் இரண்டரை, கடைசித் துண்டு ஒன்றரை. ஹட்டனுக்குப் பிறகு கிலோமீற்றரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 30 கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனால் வளைவு மேல் வளைவு. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் இருக்கட்டும். (போகும் வழியில் கம்பளையில் காணும் மகாவலி, நமது கொட்டியாரக் குடாவில் வந்து கடலில் விழுகிற அதே ஆறுதான்.)

பஸ்ஸில் போவதானால் கண்டியில் மாற வேண்டும். ஹட்டன் பஸ் கண்டி குட்ஷெட் நிலையத்தில். பருவகாலத்தில் நல்லதண்ணிக்கே நேரே போகும் பஸ்ஸும் கிடைக்கும். ரயிலில் போனால் பொல்கஹவெலயில் இறங்கி மலையக ரயிலுக்கு மாறி ஹட்டனில் இறங்கலாம். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் மண்சரிவு வருவதால், ரயில் ஓடுகிறதா என்று முன்னாளே கேட்டுவிடுங்கள்.

காலை 9 மணிக்கு வீட்டை விட்டால் இரவு 7, 8 மணிக்குள் நல்லதண்ணியில் இறங்கலாம். அந்த நேரக்கணக்கு ஏன் முக்கியம் என்பது அடுத்த பதிலில்.

எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் தவறான பதிலை நம்பிப் போகிறார்கள். "பத்து மணிக்கே வெளிக்கிடுங்கோ, அப்பதான் இடம் கிடைக்கும்" என்பார்கள். பத்து மணிக்குத் தொடங்கும் திடகாத்திரமான இளைஞர் இரவு ஒன்றரைக்கு உச்சியில் நிற்பார். சூரியன் வர இன்னும் ஐந்து மணி நேரம். வேர்வையில் நனைந்த சேட்டோடு, காற்றில், சீமெந்துத் தரையில் குந்தியிருந்து நடுங்கிவிட்டு, சூரியன் வரும் வேளையில் காய்ச்சலோடு இறங்குவார். மலையில் நம்மவர் படும் பாட்டில் பாதி சீக்கிரம் போய்ச் சேர்வதால் வருவதுதான்.

உதய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் உதயம் 6.15 அளவில், பெப்ரவரி தொடக்கத்தில் 6.25, மார்ச் நடுவில் 6.15, ஏப்ரல் நடுவில் 6 மணி. இது தரைமட்டக் கணக்கு. அவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கும்போது அடிவானம் கீழே தாழ்ந்து தெரிவதால் சூரியன் ஐந்தாறு நிமிடம் முந்தியே தலைகாட்டும். அதற்கு அரை மணிக்கு முன்னே கீழ்வானம் சிவக்கத் தொடங்கிவிடும். பலருக்கு அந்த நிறம்தான் சூரியனைவிட மனதில் நிற்கிறது. ஆகவே உதயத்துக்கு 40, 45 நிமிடம் முன்னதாக உச்சியில் இருந்தால் போதும்.

இனி உங்கள் கால் கணக்கு. நல்லதண்ணிப் பாதையில் 5,200 முதல் 5,500 வரை படி உண்டு என்பார்கள், எண்ணுபவரைப் பொறுத்து மாறும். நின்று இளைப்பாறுவதையும் சேர்த்து நிமிடத்துக்கு 30 படி ஏறினால் 5,200 படிக்கு 173 நிமிடம். அடிவாரத்துப் படியில்லாத நடைக்கு அரை மணியைக் கூட்டினால் ஏறக்குறைய மூன்று மணி இருபத்தைந்து நிமிடம். நிமிடத்துக்கு 22 படி என்றால் நாலரை மணி. பெப்ரவரியில், சாதாரண வாரநாளில், நடுத்தர வேகக்காரர் இரவு 2 மணிக்குத் தொடங்கினால் சரி. மெதுவாக ஏறுகிறவர் 1 மணிக்கு. குழுவில் மிக மெதுவானவரின் வேகமே குழுவின் வேகம் என்று வைத்துக் கணக்கிடுங்கள்.

அதனால்தான் 8 மணிக்குள் நல்லதண்ணி போய்ச் சேரச் சொல்கிறோம். சாப்பிட்டு, கால் நீட்டி நாலு மணி நேரமாவது படுத்துவிட்டு ஏறலாம்.

போயா இரவில் போனால்?

கூட்டம். வெள்ளி, சனி இரவுகளும் அப்படித்தான். உச்சிக்குக் கீழே கடைசி ஒரு கிலோமீற்றரில் வரிசை அசையாமல் நின்றுவிடும். அந்த இரவுகளுக்கு மேலே சொன்ன கணக்கோடு குறைந்தது இரண்டு மணி நேரம் கூட்டுங்கள். அப்படியும் வரிசையில் மாட்டினால் பதற வேண்டாம். நல்லதண்ணிப் பாதையின் மேல்பகுதி கிழக்குப் பார்த்த சரிவில்தான் ஏறுகிறது. நின்ற படியிலேயே உதயம் தெரியும். முண்டியடித்து மேலே போக முயல்வதுதான் ஆபத்து. செவ்வாய், புதன் இரவுகளைப் போல நிம்மதியான இரவு கிடையாது.

பாதையில் என்னென்ன வரும்?

அடிவாரத்து அலங்கார வளைவான மகரதோரணத்தைத் தாண்டி முதல் ஒரு மணி நேரம் தேயிலைத் தோட்டத்து ஓரமாக மெல்லிய ஏற்றம். யப்பானியப் பிக்குகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபம் இந்தப் பகுதியில்தான். பிறகு படி நெருங்கும். கடைசிப் பகுதி ஏணி போல், இரு பக்கமும் கைப்பிடிக் கம்பியோடு. சிங்கள யாத்திரிகர் வழியில் வெள்ளை நூலை இழுத்துக் கட்டிக்கொண்டு போவார்கள். புத்தர் அங்கே தன் அங்கியைத் தைத்தார் என்ற நம்பிக்கையில் வந்த வழக்கம் அது. நூலை மிதிக்காமல், அறுக்காமல் கடந்து போங்கள்.

எல்லோரும் செய்யும் பிழை முதல் மணியில் நடக்கிறது. ஏற்றம் லேசு என்று வேகமாக நடந்து, வேர்த்து, கடைசி ஆயிரம் படிக்குத் தேவையான காலை அங்கேயே செலவழித்துவிடுகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு மூச்சிரைக்காமல் கதைக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். இளைப்பாறும்போது ஐந்து நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம், உடம்பு குளிர்ந்து கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

தேத்தண்ணிக்கடைகளில் பொருள் விலை மேலே போகப் போக ஏறும். ஒவ்வொரு சோடாப் போத்தலும் ஒருவர் தோளில் ஏறி வந்தது, பேரம் பேசாதீர்கள். அடிவாரத்திலும் மஸ்கெலியாவிலும் தமிழ் தாராளமாகப் போகும்.

உச்சியில் எவ்வளவு குளிர்?

விடியற்புறம் 5 முதல் 10 பாகை செல்சியஸ் என்று எதிர்பாருங்கள். காற்று வீசினால் அதைவிட மோசமாகத் தோன்றும். மின்விசிறி இல்லாமல் தூங்கத் தெரியாத நமக்கு இது பெரிய அடி.

ஆனால் குளிரை விட ஈரம்தான் எதிரி. சுவெட்டரைப் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினால் அரை மணியில் உள்ளே வேர்த்து ஒழுகும். பருத்தித் துணி அந்த ஈரத்தை விடாது. மேலே நின்றதும் அதுவே பனிக்கட்டியாகும். எனவே மெல்லிய சேட் ஒன்றோடு, கொஞ்சம் குளிர்கிறதே என்ற நிலையில் ஏறுங்கள். ஒரு பெனியன், ஒரு முழுக்கைச் சேட், சுவெட்டர், காதை மூடும் தொப்பி ஆகியவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி முதுகுப்பையில் வையுங்கள். உச்சிக்குக் கீழே உள்ள கடைசித் தேத்தண்ணிக்கடையில் நின்று, ஈரச் சேட்டைக் கழற்றி, முதுகைத் துவாயால் அழுத்தித் துடைத்து, உலர்ந்ததைப் போட்டுக்கொண்டு ஒரு இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டு மேலே போங்கள். இந்தப் பத்து நிமிடம் உச்சியில் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றும்.

இன்னொன்று: உச்சி வளவுக்குள் செருப்பு, சப்பாத்துக் கழற்ற வேண்டும். அந்தக் கல்தரை காலைக் கடிக்கும். தடித்த மேஸ் ஒரு சோடி கூடுதலாகக் கொண்டுபோங்கள், மேலே போனபின் மாற்றிக்கொள்ள.

வேறு என்ன கொண்டு போவது?

ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், ஒரு பிடி பேரீச்சம்பழம் அல்லது எள்ளுருண்டை, மூன்று நாலு பேருக்கு ஒரு டோர்ச். விளக்கு எரியும்தான், ஆனால் மின்சாரம் போனால் படி தெரியாது, கைத்தொலைபேசி மின்கலம் குளிரில் சீக்கிரம் இறங்கும். சித்தாலேப, பனடோல், ஒட்டுப் பிளாஸ்ரர். கற்பூரம், தீப்பெட்டி வேண்டுமானால். ரப்பர் செருப்பில் ஏறுகிற மூதாட்டிகளைக் காண்பீர்கள், அவர்கள் காலுக்கு அது பழக்கம். உங்களுக்குப் பிடிமானமுள்ள, பழகிய சப்பாத்து. புதுச் சப்பாத்து வாங்கி அன்றைக்கே போடுவது கொப்புளத்துக்கு அழைப்பு. மது, இறைச்சி அந்த மலைக்கு ஆகாது. பிளாஸ்டிக் குப்பையைத் திருப்பிக் கீழே கொண்டுவாருங்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அந்தக் காடு.

முன்கூட்டிப் பயிற்சி தேவையா?

மூன்று வாரம் போதும். கடற்கரை மணலில் வாரத்துக்கு நாலு நாள் 40 நிமிடம் வேகநடை. வாரத்துக்கு இரண்டு நாள் மாடிப்படி, ஏறுவதற்கு மட்டுமல்ல, இறங்குவதற்கும். ஒரு மாடிக்கு 20 படி என்றால் மலை 260 மாடிக்குச் சமம். நாளொன்றுக்கு 30 மாடி ஏறி இறங்கப் பழகினால் கால் சமாளிக்கும். பிரட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கினால் நன்றாகத்தான் இருக்கும், மான்களையும் பார்க்கலாம், ஆனால் பயிற்சி என்று சொல்ல அந்த ஏற்றம் காணாது.

அம்மாவுக்கு 68 வயது. நீரிழிவும் உண்டு. கூட்டிக்கொண்டு போகலாமா?

அந்த வயதில் ஏறுவோர் ஏராளம். வயதை விட முழங்காலும் இதயமும்தான் கேள்வி. வீட்டில் மூன்று மாடி நிற்காமல் ஏறி நெஞ்சு அடைக்கவில்லை என்றால் யோசிக்கலாம். நெஞ்சுநோ வந்தவர், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர் மருத்துவரைக் கேட்காமல் ஏறக்கூடாது. உயரத்தால் வரும் தலைச்சுற்று இங்கே அரிது. உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடற்கரையில் கிடைப்பதில் முக்கால் பங்கு, அதனால் இரைப்பு சற்றுக் கூடும், அவ்வளவே.

நீரிழிவு உள்ளவருக்கு ஆபத்து சீனி ஏறுவதல்ல, இறங்குவது. நாலு மணி நேரம் படியேறுவது உடம்பிலுள்ள சீனியை எரித்துவிடும். இரவுக் குளிசையையோ ஊசியையோ வழக்கம்போல் போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஏறினால் நடுவழியில் கை நடுங்கி, குளிர் வேர்வை கொட்டும். அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். புறப்பட முன் இரண்டு இடியப்பமாவது சாப்பிடட்டும். குளுக்கோஸ் அல்லது இனிப்பு, மற்றவர் பையில் அல்ல, அவர் கையிலேயே இருக்கட்டும். ஆஸ்மாக்காரரின் பம்பும் அப்படியே. 1990 இலவச அம்புலன்ஸை அழைக்கலாம்தான், ஆனால் அது வீதி வரைதான் வரும். படியில் விழுந்தவரை ஆட்கள்தான் சுமந்து இறக்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள்?

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களை விட நன்றாக ஏறுவார்கள். மூன்று நாலு வயதுப் பிள்ளையை யாரோ ஒருவர் சுமக்கத்தான் வேண்டும். யார் என்று வீட்டிலேயே முடிவெடுங்கள். கூட்டத்தில் தவறினால் தேட, தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனையால் எழுதிவிடுங்கள். பெரியவர்களும் இரண்டு சந்திப்பிடம் பேசி வையுங்கள்: மேலே மணிக்கருகில், கீழே மகரதோரணத்தில். தொலைபேசி அலை எல்லா இடமும் எடுக்காது.

உச்சியில் என்ன செய்வது? நாம் சைவர்கள், வழிபடலாமா?

தாராளமாக. நமக்கு அது சிவன் பாதம். பௌத்தருக்குப் புத்தர் பாதம். முஸ்லிம்களுக்கு ஆதம் நபி இறங்கிய இடம். கிறிஸ்தவர் சிலர் புனித தோமாவின் பாதம் என்பர். 1344இல் இபன் பதூதா ஏறியபோதும் பல சமயத்தவர் போய்வந்த மலைதான். பாதத்தை வணங்கி, கற்பூரம் கொளுத்துவதானால் அங்குள்ளவர் காட்டும் இடத்தில் கொளுத்துங்கள். பாத மண்டபத்துக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். வெளியே ஒரு மணி உண்டு: எத்தனையாவது முறை ஏறினீர்களோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். முதல்முறைக்காரர் ஒன்றோடு நிறுத்தவும்.

நிழல் என்கிறார்களே, அது எங்கே?

சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் போங்கள். இரத்தினபுரிப் பக்கத்து மூடுபனி மேல் மலையின் நிழல் கூரான முக்கோணமாக விழுந்து கிடக்கும். மலை முக்கோண வடிவில் இருப்பதால் அல்ல அது. மிக நீண்ட நிழல் தொலைவில் போகப் போக, ரயில் தண்டவாளம் போல, ஒரு புள்ளியில் குவிவதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. சூரியன் ஏற ஏற நிழல் அடிவாரத்தை நோக்கிச் சுருங்கும். கால் மணிக்குள் பார்த்துவிட வேண்டும்.

மூடுபனி மறைத்தால்?

மறைத்ததுதான். காற்று இருந்தால் அரை மணி காத்திருங்கள், திடீரென்று விலகும்.

இறங்குவது சுலபம்தானே?

ஏறும்போது மூச்சு போகும், இறங்கும்போது முழங்கால் போகும். இறங்க இரண்டரை மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். படிகள் ஒரே உயரமில்லை. சிலது ஒரு சாண், சிலது முழங்காலளவு. உயர்ந்த படிகளில் உடம்பைப் பக்கவாட்டாகத் திருப்பி, கம்பியைப் பிடித்து, காலை ஊன்றி இறங்குங்கள். ஓடி இறங்கும் இளைஞர்களுக்கு வழிவிடுங்கள், பின்தொடராதீர்கள். கால் நகத்தை முன்னாளே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பெருவிரல் சப்பாத்தில் இடித்து இடித்து நகம் கறுக்கும். வெயில் ஏறியதும் தொப்பி தேவை. இரவில் ஏறியதால் இதைப் பலர் மறந்துவிடுவார்கள்.

சாரதியும் எங்களோடு ஏற ஆசைப்படுகிறார்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முதல்நாள் ஒன்பது மணி நேரம் ஓட்டி, இரவெல்லாம் ஏறி, மறுநாள் 250 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டுகிறவர் எங்கோ ஒரு வளைவில் கண்ணயர்வார். அவருக்கு அறை எடுத்துக் கொடுத்துத் தூங்க வையுங்கள். அவரும் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டாவது சாரதி, அல்லது இன்னோர் இரவு தங்கல். நண்பகலுக்குள் நல்லதண்ணியை விட்டால் இரவு பத்து மணியளவில் வீடு. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டியபின் யானை வீதிக்கு வரும், அங்கே வேகம் குறையுங்கள். கண்டியிலும் தம்புள்ளையிலும் எல்லோரும் இறங்கிப் பத்து நிமிடம் நடவுங்கள். மடக்கிய காலோடு நேரே வந்தால் வீட்டு வாசலில் இறங்கவே ஆள் பிடிக்க வேண்டிவரும்.

இரண்டாம் நாள் தொடை நோவு கூடிவிட்டது. ஏதும் பிழையா?

இல்லை. இறங்கிய தசைநோவு 24 முதல் 48 மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். படுத்துக் கிடக்காமல் மெல்ல நடவுங்கள். கன்னியாய் வெந்நீர்க் கிணறுகளில் போய் நாலு வாளி ஊற்றிக்கொள்ளலாம், நம் ஊர்க்காரருக்கு மட்டும் கிடைக்கும் வசதி அது. ஒரு முழங்கால் மட்டும் வீங்கி, மடக்க முடியாமல் இருந்தால் அது வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள்.